லயல்பூர்: கோதுமைக்காகக் கட்டிய ஊர், அது யாருடைய ஊர்?

#1 வடகால்

பாகிஸ்தானின் ஃபைசலாபாத் (பழைய பெயர் லயல்பூர்) என்றதும் கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு 1987-ல் மைக் கேட்டிங்கும் நடுவர் ஷகூர் ராணாவும் மைதானத்தில் விரல் நீட்டிச் சண்டை போட்டது ஞாபகம் வரும். பாட்டுக் கேட்கிறவர்களுக்கு நுஸ்ரத் ஃபதே அலி கான். ஜவுளியில் இருப்பவர்களுக்குப் படுக்கை விரிப்பு. எனக்கு அந்த ஊர்மேல் ஈர்ப்பு வந்தது வேறு காரணத்தால். விளைந்த தானியத்தை வாங்கி, மூட்டை கட்டி, ரயிலேற்றி அனுப்புவதற்கென்றே பொட்டல் காட்டில் கோடு கிழித்து எழுப்பிய ஊர் அது. 1890-க்கு முன்னால் அங்கே அப்படி ஒரு ஊரே கிடையாது.

ராவிக்கும் செனாபுக்கும் நடுவே கிடந்த அந்த மேட்டு நிலத்துக்குச் சாந்தல் பார் என்று பெயர். மழை குறைவு. கிணற்றுத் தண்ணீர் வெகு ஆழத்தில். வன்னியும் உகாயும் மண்டிய மேய்ச்சல் காடு. 1892-ல் கான்கி என்ற இடத்தில் செனாபின் குறுக்கே அணைக்கட்டுக் கட்டி, கீழ்ச் செனாப் கால்வாயில் ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடும்படி செய்தார்கள். போகப் போக 20 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம். ஜலந்தர், ஹோஷியார்பூர், அமிர்தசரஸ், லூதியானா, சியால்கோட் பக்கங்களிலிருந்து விவசாயக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடிவைத்தார்கள். அந்தக் குடியேற்றத்தின் சந்தைதான் லயல்பூர். ஜேம்ஸ் லயல் அப்போது பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னர். அவர் பெயரை வைத்தார்கள். 1977-ல் சவூதி மன்னர் ஃபைசல் நினைவாக ஃபைசலாபாத் ஆயிற்று. நான் பேசப் போவது பெரும்பாலும் பழைய காலம் என்பதால் லயல்பூர் என்றே எழுதுகிறேன்.

ஊரின் நடுவில் மணிக்கூண்டு. 1903-ல் அடிக்கல், 1905-ல் முடிந்தது. அதைச் சுற்றி எட்டுக் கடைத்தெருக்கள்: ரயில் பஜார், கச்சேரி பஜார், சினியோட் பஜார், அமீன்பூர் பஜார், பவானா பஜார், ஜங் பஜார், மாண்ட்கோமரி பஜார், கார்கானா பஜார். தெரு எந்த ஊரைப் பார்த்துப் போகிறதோ, எதில் போய் முட்டுகிறதோ, அதுவே பெயர். ரயில் பஜார் வழியே வெளியே வந்தால் ஸ்டேஷன். அங்கே ஏறிய கோதுமை கராச்சித் துறைமுகத்தில் இறங்கி, கப்பலில் இங்கிலாந்து போனது.

"வெள்ளைக்காரன் பாலைவனத்தைச் சோலையாக்கினான்" என்று இன்றும் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. கால்வாய் வெட்டியது அரசு, சரி. ஆனால் காடு திருத்தி, மேடு பள்ளம் சமன் செய்து, வாய்க்கால் எடுத்து விதைத்த விவசாயியை அந்த நிலத்துக்குச் சொந்தக்காரனாக விடவே இல்லை. சொந்தம் என்பது அவர்கள் சண்டை போட்டு வாங்கியது. இதைப் பற்றி விரிவாகப் பேசலாம் என்றுதான் இழை தொடங்குகிறேன்.

#2 நெடுஞ்சாலை

நல்ல இழை. ஆனால் ஒரு மறுப்போடு தொடங்குகிறேன். கால்வாய்க்கு முன்னால் அங்கே ஏக்கருக்கு என்ன விளைந்தது? ஒன்றுமில்லை. கிழக்குப் பஞ்சாபில் நிலம் பங்குபோட்டுப் பங்குபோட்டு ஒரு குடும்பத்துக்கு மூன்று நான்கு ஏக்கர்கூட இல்லாத நிலை. அவர்களுக்கு முழு முரப்பா கிடைத்தது. முரப்பா என்றால் ஏறத்தாழ 25 ஏக்கர். அரசு லாபம் பார்த்தது உண்மைதான். தண்ணீர் வரி, நில வரி, ரயில் கட்டணம் எல்லாம் வந்தது. லாபம் பார்த்தாலும் ஒரு நல்ல காரியம் நல்ல காரியம்தானே. சந்தைக்காகக் கட்டிய ஊர் என்பதைக் குற்றம்போலச் சொல்ல வேண்டியதில்லை. விளைகிறவனுக்குச் சந்தை வேண்டாமா?

#3 பழைய ஓவர்சியர்

பாசனத்துறையில் காலம் தள்ளியவன் என்பதால் எனக்குத் தெரிந்த பக்கத்தைச் சொல்கிறேன்.

இந்தக் கால்வாயின் மூன்று பெரிய கிளைகள் ரக் கிளை, ஜங் கிளை, கோகெரா கிளை. ஒவ்வொரு கிளையிலும் வரிசையாக எண் போட்டுக் கிராமங்களை நிறுவினார்கள். அந்தக் கிராமத்துக்குச் சக் என்று பெயர். சக் 105 ஜி.பி. என்றால் கோகெரா கிளையின் 105-ஆவது சக். ஆர்.பி. என்றால் ரக் கிளை, ஜே.பி. என்றால் ஜங் கிளை. கிராமத்தின் முகவரியே அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடும். நிலத்தை முதலில் சதுரமாக அளந்து, அப்புறம் அந்தச் சதுரங்களுக்குப் பொருந்தும்படி வாய்க்காலை ஓட்டினார்கள். நம் பக்கத்து ஏரிப் பாசனம் போல நிலத்தின் வாட்டத்தைப் பார்த்து வளைந்து போவதல்ல.

வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் விடும் மதகுக்கு மோகா என்று பெயர். அதற்கு அடைப்புப் பலகை கிடையாது. கால்வாயில் தண்ணீர் ஓடினால் மோகாவிலும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த மோகாவின் கீழ் உள்ள விவசாயிகளுக்குள் முறை பிரிப்பதுதான் வாராபந்தி. வாரத்துக்கு 10,080 நிமிடம். அதை மொத்த ஏக்கருக்கு வகுத்து, அவரவர் நிலத்துக்கு இத்தனை நிமிடம் என்று எழுதி வைத்துவிடுவார்கள். உங்கள் முறை செவ்வாய் இரவு 2 மணி 10 நிமிடத்துக்கு என்றால் தை மாதக் குளிரிலும் மண்வெட்டியோடு அங்கே நிற்க வேண்டும். ஐந்து நிமிடம் தாமதித்தால் அந்த ஐந்து நிமிடத் தண்ணீர் உங்களுக்கு இல்லை. கொலை வரைக்கும் போன சண்டைகள் இந்த நிமிடக் கணக்கில் நடந்திருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொடுத்த தண்ணீர், இருக்கிற நிலம் முழுவதற்கும் போதுமான தண்ணீர் அல்ல. கொஞ்சத் தண்ணீரை நிறைய நிலத்துக்குப் பரப்புவது என்று தெரிந்தேதான் திட்டமிட்டார்கள். ஒரு பகுதியைத் தரிசு போட்டு, ஒரு பகுதியில் பயிர் வைக்க வேண்டும். நல்ல பொறியியல் வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை வெட்டியவர்களும், சேற்றில் இறங்கிப் பராமரித்தவர்களும் என் மரியாதைக்குரியவர்கள்.

#4 ஷார்ஜாவாசி

ஓவர்சியர் ஐயா சொன்ன எண் விஷயம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் பஞ்சாபிகளில் பாதிப்பேர் ஃபைசலாபாத் மாவட்டம். புதிதாக ஒருவர் கேம்ப்புக்கு வந்தால் பழைய ஆள் முதலில் கேட்பது "எந்தச் சக்?" என்பதுதான். பதில் எண்ணாகத்தான் வரும். எண்ணைக் கேட்டதும் பக்கத்து டவுன் ஜரன்வாலாவா, சமுந்திரியா, தாந்தலியன்வாலாவா, எந்தக் கால்வாயின் கீழ் என்று இவர் சொல்லிவிடுவார். அடுத்த கேள்வி, "தாத்தா எங்கிருந்து வந்தவர்?" அதற்குப் பதில் ஜலந்தர், ஹோஷியார்பூர், லூதியானா என்றுதான் பெரும்பாலும் வரும். இந்தியாவுக்குள் இருக்கும் ஊர்கள். அந்த ஊர்களை இவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் வீட்டுக் கல்யாணப் பேச்சில் இன்றைக்கும் "அவர்கள் ஜலந்தர்க்காரர்கள், நம் ஆட்கள்" என்று பார்க்கிறார்கள்.

அவர்கள் பேசுவது பஞ்சாபி. எழுதுவது உருது. வீட்டுக்குப் போனில் பேசும்போது முழுக்கப் பஞ்சாபிதான். வேடிக்கைப் பேச்சில் அந்த ஊர்க்காரர்களை மிஞ்ச ஆளில்லை என்று பாகிஸ்தான் முழுவதும் பெயர். அது உண்மை என்று நானும் சாட்சி சொல்வேன்.

#5 வடகால்

நெடுஞ்சாலை, "ஒன்றுமே விளையவில்லை" என்று சொல்வதற்கு முன்னால் அந்தக் காட்டில் யார் இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஒட்டகமும் எருமையும் மாடும் வளர்த்த மேய்ச்சல் குடிகள். கரல், பட்டி, ஃபதியானா, வட்டு என்று பல குலங்கள். மழை பார்த்து இடம் பெயர்வார்கள். மேய்ச்சலுக்குத் தீர்னி என்று அரசுக்கு வரியும் கட்டினார்கள். இவர்களைச் சர்க்கார் காகிதம் ஜாங்கலி என்றது. காட்டுவாசி என்று பொருள். குடியேற வந்தவர்களும் அதே பெயரில்தான் கூப்பிட்டார்கள்.

1857-ல் இவர்கள் சண்டையில் இறங்கினார்கள். தலைமை தாங்கியவர் ராவிக் கரையில் ஜம்ரா என்ற ஊரின் ராய் அகமது கான் கரல். அந்த ஊர் இன்றைய ஃபைசலாபாத் மாவட்டத்தில்தான் இருக்கிறது. கோகெரா அப்போது மாவட்டத் தலைநகர். அங்கே சிறையை உடைக்கும் முயற்சி நடந்தது. அந்த செப்டம்பரில் கரலைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் கொல்லப்பட்டபோது வயது எண்பதை நெருங்கியிருந்தது என்று மக்கள் சொல்கிறார்கள். சில நாட்களில் பெர்க்லி என்ற ஆங்கில அதிகாரியை அவருடைய ஆட்கள் கொன்று பழி தீர்த்தார்கள். 35 ஆண்டு கழித்து அதே மேய்ச்சல் காட்டின் நடுவே வெட்டிய கால்வாய்க்குக் கோகெரா கிளை என்றே பெயர் வைத்தார்கள்.

அவர்களில் சிலருக்கும் நிலம் கொடுத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் மந்தையும் மேய்ச்சல் வழியும் போன பிறகு பலர் மற்றவன் நிலத்தில் கூலியாட்களானார்கள். "வெறும் நிலம்" என்று எழுதி வைத்துவிட்டால் இந்த இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறாது. எனக்கு அதுதான் வருத்தம்.

#6 நெடுஞ்சாலை

மேய்ச்சல் குடிகள் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அதைச் சொல்லாமல் லயல்பூர் கதை முழுமையாகாது. ஆனாலும், லட்சக்கணக்கான பேருக்குச் சோறு போட்ட நிலத்தை மேய்ச்சலுக்கே விட்டிருக்க வேண்டும் என்று நீங்களும் சொல்ல மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். விவசாயிக்குச் சொந்தம் கிடைக்கவில்லை என்றீர்களே, அதைச் சொல்லுங்கள்.

#7 எட்டயபுரத்தான்

அதை நான் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதை தமிழில் நமக்குப் பாதி தெரிந்த கதை. பாரதியார் லாலா லஜபதி ராயைப் பற்றிப் பாடியிருக்கிறார். நாடு கடத்தப்பட்ட லாஜபதி தன் பஞ்சாபை நினைத்துப் புலம்புவதாக "லாஜபதியின் பிரலாபம்" என்று ஒரு பாட்டே இருக்கிறது. பள்ளியில் படித்தபோது அவரை எதற்காக நாடு கடத்தினார்கள் என்று யாரும் சொல்லித் தரவில்லை. காரணம் இந்த லயல்பூர்தான்.

குடியேறிய சிறு விவசாயி அரசின் குத்தகைதாரன் மட்டுமே. சக்கிலேயே குடியிருக்க வேண்டும், மரம் வெட்டக் கூடாது, வீட்டையும் முற்றத்தையும் இன்ன மாதிரி வைத்திருக்க வேண்டும் என்று விதிமேல் விதி. மீறினால் அபராதம். கீழ்நிலை அதிகாரிகளுக்கு இதுவே கைநிறைய வருமானம். ஒருவேளை ஊரில் இருக்கும் அப்பாவைப் பார்க்கப் போனால்கூட "குடியிருப்பு விதி மீறல்" என்று நோட்டீஸ் வரலாம். 1906-ல் கொண்டுவந்த குடியேற்ற மசோதா இதையெல்லாம் இன்னும் இறுக்கியது. நிலம் ஒரே வாரிசுக்குத்தான் போகும், சட்டப்படி வாரிசு இல்லாவிட்டால் அரசுக்குத் திரும்பும், அபராதத்தை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக வழியில்லை. அதே சமயம் பியாஸுக்கும் ராவிக்கும் நடுவிலுள்ள பாரி தோவாபில் தண்ணீர் வரியை ஏற்றினார்கள். 1905-ல் பருத்தியைக் காய்ப்புழு அழித்திருந்தது. பிளேக் வேறு.

1907 மார்ச்சில் லயல்பூரில் பெரிய கூட்டம். மாட்டுச் சந்தைக்கு ஜனம் திரளும் சமயம். லஜபதி ராயும் பேசினார், போராட்டத் தலைவர் அஜித் சிங்கும் பேசினார். பாங்கே தயாள் என்ற பத்திரிகை ஆசிரியர் மேடையில் ஒரு பாட்டுப் பாடினார்: "பகடி சம்பால் ஜட்டா". ஏ குடியானவனே, உன் தலைப்பாகையைப் பார்த்துக்கொள் என்று அர்த்தம். தலைப்பாகை போனால் மானம் போயிற்று. அந்த ஒரு அடியே போராட்டத்தின் பெயராகிவிட்டது. 2020-21-ல் டெல்லி எல்லையில் உட்கார்ந்த விவசாயிகளும் இதையே பாடினார்கள்.

அரசு மிரண்டது. பட்டாளத்தில் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இருந்தார்களே. மே மாதம் லஜபதி ராயையும், அடுத்த மாதம் அஜித் சிங்கையும் பிடித்து விசாரணை இல்லாமல் பர்மாவின் மாண்டலேக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் அதே மே மாதம் வைஸ்ராய் மின்டோ அந்த மசோதாவுக்கு ஒப்புதல் தர மறுத்துவிட்டார். நவம்பரில் இருவரையும் விடுதலை செய்தார்கள். 1912-ன் புதிய சட்டம் வந்த பிறகுதான் விவசாயி தன் நிலத்தை விலை கொடுத்துச் சொந்தமாக்கிக்கொள்ள வழி திறந்தது.

அந்த 1907 செப்டம்பரில், சக் 105 ஜி.பி., பங்கா கிராமத்தில், அஜித் சிங்கின் அண்ணன் வீட்டில் ஒரு குழந்தை பிறந்தது. பகத் சிங். ஓவர்சியர் ஐயா எதேச்சையாக எடுத்துக்காட்டிய எண் அது!

#8 பழைய ஓவர்சியர்

எதேச்சையாக இல்லை தம்பி. யாராவது பிடிக்கிறார்களா என்று பார்த்தேன். மிக்க மகிழ்ச்சி.

#9 கீழவாசல்

ஒரு சின்னக் கேள்வி. அந்த எட்டுக் கடைத்தெருக்கள் பிரிட்டிஷ் கொடியின் வடிவத்தில் அமைத்தவை என்று வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கிறது. உண்மையா?

#10 வடகால்

மேலிருந்து பார்த்தால் அந்தக் கொடியின் கோடுகள் போலத்தான் தெரியும். ஊரிலும் அப்படியே சொல்கிறார்கள். ஒரு சதுரத்தின் நடுவிலிருந்து நான்கு மூலைக்கும் நான்கு பக்கத்துக்கும் தெரு போட்டால் வேறு எந்த வடிவமும் வராது என்பதும் உண்மை. எனக்கு அந்தத் தெருக்களின் உபயோகம்தான் முக்கியமாகப் படுகிறது. எந்தத் திசையிலிருந்து மாட்டுவண்டி வந்தாலும் நேராக நடுவுக்கு வந்து சேரும். உள்ளே கோல் பஜார் என்று ஒரு வட்டத் தெரு எட்டையும் இணைக்கிறது. ஒரு தெருவில் விலை பிடிக்கவில்லையா, வெளியே போகாமலே அடுத்த தெருவுக்குப் போய்க் கேட்கலாம்.

#11 மண்டித்தெரு

நான் கமிஷன் மண்டி நடத்துகிற குடும்பம். அதனால் எனக்கு வேண்டியது அந்த ஊர் மண்டியின் நடைமுறை. ஷார்ஜாவாசி, உங்கள் நண்பர்களிடம் கேட்டுச் சொல்ல முடியுமா? விவசாயி மூட்டையோடு வந்தால் என்ன நடக்கிறது? முன்பணம் யார் கொடுக்கிறார்? தரம் பார்ப்பது யார்?

#12 ஷார்ஜாவாசி

மண்டித்தெரு அண்ணே, நேற்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் இதையே பேச்சாக்கிவிட்டேன். நாலு பேர் நாலு விதமாகச் சொன்னாலும் சாரம் ஒன்றுதான்.

அங்கே தானிய மண்டிக்குக் கல்லா மண்டி என்று பெயர். கமிஷன்காரர் ஆர்த்தி. விதைப்புக்கு முன்னால் ஆர்த்தியிடம் போனால் விதை, டிஏபி, யூரியா, பூச்சிமருந்து, டீசல் எல்லாம் கணக்கில் கிடைக்கும். வீட்டில் கல்யாணமோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்தால் ரொக்கமும் கிடைக்கும். பேங்க் போல மூன்று காகிதம் கேட்க மாட்டார். ஆனால் அறுவடை அவர் கடைக்குத்தான் வர வேண்டும். வட்டி என்று தனியாக எழுதுவதில்லை. கடனுக்குக் கொடுத்த யூரியா மூட்டைக்கு ரொக்க விலையைவிடக் கூடுதல் போட்டிருப்பார். அதுதான் வட்டி.

விலை பேசுவது ஒரு மணுவுக்கு. அங்கே மணு என்றால் 40 கிலோ. கடையின் முன்னால் தார்ப்பாயில் கொட்டிக் குவிப்பார்கள். வாங்குகிறவர் கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் ஊதி, இரண்டு மணியைப் பல்லில் கடிப்பார். கடக் என்று உடைந்தால் காய்ந்த கோதுமை. நசுங்கினால் ஈரம். ஈரத்துக்கும் தூசிக்கும் என்று மணுவுக்கு ஒரு கிலோவோ கூடவோ கழிப்பார்கள். "ஏலத்தில் தோற்பதைவிட இந்தக் கழிவில் தோற்பதுதான் அதிகம்" என்று ஒரு நண்பர் சொன்னார். அவர் அப்பாவும் தாத்தாவும் ஒரே ஆர்த்தி கடைக்குத்தான் போனார்களாம். கோபமாகவும் பேசுகிறார், "எங்கள் அக்கா கல்யாணத்தை அவர்தான் நடத்திவைத்தார்" என்றும் சொல்கிறார். இரண்டையும் மனதாரத்தான் சொல்கிறார்.

#13 மண்டித்தெரு

நன்றி தம்பி. இங்கே எங்கள் கடையில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். முன்பணம் கொடுத்தவன் கையில் விலையும் போய்விடுகிறது. இந்தத் தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன், விவசாயிக்கு வேறு இடத்தில் நியாயமான கடன் கிடைத்தால்தான் மண்டியில் நியாயமான விலை கிடைக்கும். சட்டம் போட்டு மட்டும் கமிஷன்காரனைத் திருத்த முடியாது.

#14 எல்லைக்கோடு

இத்தனை பேசியும் 1947 வரவில்லையே. அங்கேதான் இந்த ஊரின் பெரிய உடைப்பு.

லயல்பூர் மாவட்டத்தில் தலைக்கணக்கில் முஸ்லிம்கள் அதிகம். ஆனால் கால்வாய் நிலத்தில் பெரும்பங்கு சீக்கிய விவசாயிகள் கையில். நிலமும் வரியும் பார்த்து எல்லை போடுவார்கள் என்று அவர்கள் கடைசிவரை நம்பினார்கள். ராட்கிளிஃப் கோடு கிழக்கே வெகு தூரத்தில் விழுந்தது. செப்டம்பரில் மாட்டுவண்டி வரிசைகள் கிளம்பின. மைல் கணக்கில் நீண்ட காஃபிலாக்கள். பல்லோக்கி தலைமதகின் பாலத்தில் ராவியைத் தாண்டி இந்தியப் பக்கம் வந்தார்கள். வழியில் கொலை, காலரா, வெள்ளம். எதிர்த்திசையில் ஜலந்தர், ஹோஷியார்பூர், லூதியானா முஸ்லிம்கள் அதே கதியில் போனார்கள். ஷார்ஜாவாசி நண்பர்களின் தாத்தாக்கள் அப்படி வந்தவர்கள்தான். இரு பக்கமும் இழந்ததைச் சொல்லி முடியாது.

அப்புறம் நிலத்தைப் பிரித்ததுதான் நான் சொல்ல வந்தது. இந்துக்களும் சீக்கியர்களும் மேற்கில் விட்டுவந்தது சுமார் 67 லட்சம் ஏக்கர், முஸ்லிம்கள் கிழக்கில் விட்டுப்போனது சுமார் 47 லட்சம் ஏக்கர். அதோடு லயல்பூர் ஏக்கரும் கிழக்கே வறண்ட ஹிசார் ஏக்கரும் ஒன்றா? மறுவாழ்வுத் துறைத் தலைவர் தர்லோக் சிங் நில அலகு ஒன்று வகுத்தார்: தர ஏக்கர். ஏக்கருக்குப் பத்துப் பதினொரு மணுக் கோதுமை விளையும் நிலம் ஒரு தர ஏக்கர். வறண்ட நிலம் நான்கு ஏக்கர் சேர்ந்தால்தான் ஒன்று என்ற கணக்கு. அதன் மேல் படிப்படியான வெட்டு. சிறு விவசாயிக்கு 25 சதவீதம் குறைத்தார்கள். பெரிய நிலக்காரர்களுக்கு மேலே போகப் போக 95 சதவீதம் வரைக்கும் வெட்டு. ஒருவர் இத்தனை முரப்பா வைத்திருந்தேன் என்று சொன்னால் அவருடைய பழைய சக் ஆட்களையே உட்கார வைத்து முகத்துக்கு நேரே கேட்டுச் சரிபார்த்தார்கள். பிறகு மேற்கிலிருந்து வந்த பதிவேடுகளோடும் ஒப்பிட்டார்கள்.

சக்தான் சாட்சி சொன்னது. 1892-ல் அந்நியர்களாகக் கொண்டுவந்து எண் போட்டு வைத்தவர்கள், 55 ஆண்டில் ஒருவர் நிலத்தை இன்னொருவர் வரப்பு வரப்பாகச் சொல்லும் ஊராகியிருந்தார்கள்.

லயல்பூர் கல்சா கல்லூரி ஜலந்தரில் மறுபடி திறந்தது. இன்றும் அதே பெயர். லயல்பூரின் விவசாயக் கல்லூரி 1906-ல் தொடங்கியது. அங்கே ராம் தன் சிங் உருவாக்கிய சி 591 கோதுமையை இரு பஞ்சாபிலும் சப்பாத்திக்கு இணையற்றது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். கல்லூரி அங்கே 1961-ல் பல்கலைக்கழகமாயிற்று. இங்கே வந்த ஆசிரியர்களும் ஆராய்ச்சியும் லூதியானாவில் வேர்விட்டன. பசுமைப் புரட்சியின் இரு பக்கத்துக்கும் தாய்வீடு ஒன்றுதான்.

#15 நெடுஞ்சாலை

எல்லைக்கோடு எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. தர ஏக்கர் கணக்கு இப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

#16 தறிக்காரன்

கரூரிலிருந்து. படுக்கை விரிப்பு, சமையலறைத் துணி ஏற்றுமதி. எங்களுக்கு ஃபைசலாபாத் தினசரிப் போட்டியாளர். ஒரே ஐரோப்பிய வாங்குவோர் இரண்டு ஊருக்கும் ஒரே டிசைனை அனுப்பி விலை கேட்பார்கள். 2014 ஜனவரியிலிருந்து ஐரோப்பாவில் பாகிஸ்தான் துணிக்கு ஜிஎஸ்பி பிளஸ் சலுகையில் சுங்கவரி இல்லை, எங்களுக்கு உண்டு. அந்த வித்தியாசத்தில் பல ஆர்டர் போயிருக்கிறது. ஆனால் அங்கே மின்வெட்டும் மின்கட்டணமும் அவர்களைப் படுத்தும்போது ஆர்டர் இங்கே வரும்.

உங்கள் பேச்சோடு ஒட்டுகிற விஷயம் ஒன்று. மாண்ட்கோமரி பஜாரில்தான் அங்கே நூல் சந்தை, சூத்தர் மண்டி. கோதுமைக்கும் பருத்திக்கும் கடன் கொடுத்துப் பழகிய ஊர் அதே பழக்கத்தில் நூலுக்கும் கடன் கொடுத்தது. குலாம் முகம்மதாபாத் போன்ற பேட்டைகளில் வீட்டுக்குள்ளேயே விசைத்தறி போட்டிருக்கும் சின்ன ஆட்களுக்கு நூல் வியாபாரிதான் ஆர்த்தி. பிரிவினையில் கிழக்குப் பஞ்சாபிலிருந்து வந்த நெசவாளிகளும் சேர்ந்தார்கள். விசைத்தறி ஊர் உருவானது அப்படித்தான். போட்டியாளர் என்றாலும் அந்தத் தறிக்காரர்கள்மேல் எனக்குப் பகை இல்லை. தறிச் சத்தத்தில் காது கெட்டுப்போவது இங்கும் அங்கும் ஒன்றுதான்.

#17 பழைய ஓவர்சியர்

தண்ணீரின் மறுபக்கத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. அறுபது எழுபது ஆண்டு இடைவிடாமல் மண் கால்வாயில் தண்ணீர் ஓடியதில் கசிவு கீழே இறங்கி, ஆழத்தில் இருந்த நிலத்தடி நீர் மேலேறி வந்துவிட்டது. பல சக்குகளில் வயல் சேறாகிப் பயிர் அழுகியது. தண்ணீர் ஆவியான இடத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்தது. சேம், தோர் என்று அந்த விவசாயிகள் சேர்த்தே சொல்வார்கள். முன்னது ஊறல், பின்னது உவர். 1950-களின் கடைசியில் ராவிக்கும் செனாபுக்கும் நடுவிலுள்ள இந்த ரெச்னா தோவாபில்தான் ஸ்கார்ப் என்ற உவர் நில மீட்புத் திட்டத்தின் முதல் கட்டம் வந்தது. சுமார் 2,000 ஆழ்குழாய்க் கிணறு போட்டு நீரை இறைத்து வெளியே எடுத்தார்கள். மட்டம் இறங்கியது, நிலம் மீண்டது. பிறகு விவசாயிகளே டீசல் பம்ப் வைத்து இறைக்கத் தொடங்கி, இப்போது எதிர்ப்பக்கப் பிரச்சினை. இறைக்க இறைக்க உப்புத் தண்ணீர் வருகிறது. நகரத்துக்கு அடியிலேயே தண்ணீர் உவர் என்பதால் செனாப் ஓரத்திலிருந்தும் கால்வாய் ஓரத்திலிருந்தும் குடிநீர் கொண்டுவருகிறார்கள். சாயக் கழிவு பகரங் வடிகால் வழியே செனாபுக்கும், மதுவானா வடிகால் வழியே ராவிக்கும் போகிறது. தறிக்காரன் தம்பிக்கு இது புதிதாக இருக்காது.

மனசுக்குப் பிடித்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சர் கங்கா ராம் லாகூரின் பல கட்டடங்களைக் கட்டிய பொறியாளர். இந்த மாவட்டத்தில் சக் 591 ஜி.பி.யில் கங்காபூர் என்று பண்ணை அமைத்தார். மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றப் பெரிய மோட்டார் கொண்டுவர வேண்டும், சாலை கிடையாது. புச்சியானா ரயில் நிலையத்திலிருந்து கிராமம் வரை சின்னத் தண்டவாளம் போட்டுக் குதிரையை விட்டு இழுக்க வைத்தார். மோட்டார் வந்து சேர்ந்த பிறகு அது ஊர்க்காரர்களின் வண்டியாகிவிட்டது. ஒற்றைத் தடம் என்பதால் எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் பயணிகள் இறங்கி வண்டி மாறி ஏறிக்கொள்வார்கள். அவர் கட்டியதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

#18 வடகால்

ஐயா, இதற்காகவே இழை தொடங்கியது சரி என்று தோன்றுகிறது. ஷார்ஜாவாசி, கடைசியாக ஒன்று கேட்கிறேன். இப்போது கோதுமை நிலைமை என்ன?

#19 ஷார்ஜாவாசி

2024 அறுவடையில் பாகிஸ்தான் பஞ்சாப் அரசு மணுவுக்கு 3,900 ரூபாய் என்று அறிவித்துவிட்டு வாங்காமல் விட்டது. அதற்கு முந்தைய மாதங்களில் வெளிநாட்டுக் கோதுமை நிறைய இறக்குமதியாகிக் கிடங்கு நிறைந்திருந்தது. அரசுக் கொள்முதலுக்கான சாக்குப் பை கேட்டுக் கூட்டம் கூட்டமாக நின்றவர்கள் திரும்பிப் போய் 3,000 ரூபாய்க்கும் அதற்குக் கீழும் விற்றார்கள். லாகூரில் போராடியவர்களைப் போலீஸ் கைது செய்தது. 2025-க்கு ஆதரவு விலையே அறிவிக்கவில்லை. இங்கே என் அறை நண்பர் ஒருவர் அந்த மே மாதம் சம்பளத்தை முழுசாக ஊருக்கு அனுப்பினார், அப்பாவின் ஆர்த்தி கணக்கை அடைக்க. அண்ணன் இப்போது கோதுமையைப் பாதியாகக் குறைத்துவிட்டு, மாட்டுத்தீவனமும் வசந்தகால மக்காச்சோளமும் போடுகிறாராம். மக்காச்சோளத்தை ஊரிலேயே இருக்கும் ஸ்டார்ச் ஆலைகள் வாங்கிக்கொள்கின்றன.

ஓவர்சியர் ஐயா, அந்த மக்காச்சோளத்துக்கு வாராபந்தித் தண்ணீர் போதுமா?

#20 பழைய ஓவர்சியர்

போதாது தம்பி. கோதுமைக்குக் குளிர்காலத்தில் நாலைந்து தண்ணீர் போதும். வசந்தகால மக்காச்சோளம் மாசியில் விதைத்து, சித்திரை வைகாசி வெயிலைத் தாங்கி ஆனியில் அறுப்பது. கதிர் பிடிக்கும் நேரத்தில் வாரத்துக்கு ஒரு முறையாவது பாய்ச்ச வேண்டும். கால்வாய் முறையை நம்பி வைக்க முடியாது, மீதியைக் குழாய்க் கிணற்றில்தான் எடுக்க வேண்டும். அவர் நிலம் எந்தக் கிளையில், வாய்க்காலின் தலைப்பிலா கடைமடையிலா என்று கேட்டுச் சொல்லுங்கள். கடைமடை என்றால் கிணற்றுத் தண்ணீரை முதலில் உப்புப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். விவசாயப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது.